நிலைமின் காதொலிப்பானும் வால்வு விரியலாக்கியும்

தனியே இருந்து சங்கீதம் கேட்க விரும்புவோர் தலையிலே அணிந்துகொள்ளும் ஹெட்போனை, அதாவது காதொலிப்பானை, அறியாதவர் இன்று இலர். கைக்குள் அடங்கும் சிறு கருவியொன்றிலே அதனைச் செருகினாற் போதும், பாட்டுக் கேட்கும். ஆனால், காதொலிப்பான்களுள் ஓர் இனம் உண்டு. அதனை அவ்வாறு எந்தக் கருவியிலும் செருகிவிட முடியாது. அதற்கென்றே அமைந்த விரியலாக்கி ஒன்று பக்கத்திலே இருத்தல் வேண்டும். அந்த விரியலாக்கி பல வேளைகளிற் காதொலிப்பானைவிட விலை கூடியதாயும், ஒருவர் தனியே தூக்கச் சிரமப்படும் அளவுக்குப் பாரமானதாயும் இருக்கும். இவ்வகை விரியலாக்கிகளுட் புகழ்பெற்றவை பல, பழைய றேடியோப் பெட்டிகளிலே மங்கிய செவ்வொளி வீசிக்கொண்டிருந்த வால்வுகளைக் கொண்டே இன்றும் செய்யப்படுகின்றன. திரான்சிற்றர் வந்து வால்வை வீட்டை விட்டு விரட்டிப் பல பத்தாண்டுகள் சென்ற பின்னரும், இந்த ஓர் இடத்திலே வால்வு தன் ஆசனத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இது வெறும் பழைமை மோகமா, அல்லது இதற்குத் தக்க காரணம் உண்டா? ஒரு வால்வு விரியலாக்கிக்கும் மற்றொன்றுக்கும் விலையிலே பத்து மடங்கு வித்தியாசம் காணப்படுகிறதே, ஒலியிலும் அந்த வித்தியாசம் உண்டா? பெருந்தொகைப் பணம் இதிலே தங்கியிருப்பதால் இவ்வினாக்களை ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது.

சாதாரணக் காதொலிப்பானிலே காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. சுருளின் ஊடாக மின்னோட்டம் செல்லும்போது அது காந்தத்தின் அருகிலே முன்னும் பின்னும் அசைந்து, தன்னோடு ஒட்டிய மென்றகட்டை அசைக்கிறது. நிலைமின் காதொலிப்பானிலோ காந்தமும் இல்லை, சுருளும் இல்லை. துளைகள் நிறைந்த இரண்டு உலோகத் தட்டுகள் சிறிது இடைவெளி விட்டு எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின் நடுவிலே, தட்டுகளைத் தொடாமல், மிக மெல்லிய பிளாத்திக்குப் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு அல்லது இரண்டு பங்கு அளவினதே. மனிதனின் தலைமயிர் இதனைவிடப் பல பத்து மடங்கு தடித்தது. இப்படலத்துக்கு உயர்ந்த மின்னழுத்தம் ஒன்று நிலையாகக் கொடுக்கப்படும். யப்பானிய ஸ்டாக்ஸ் கம்பனியின் பழைய காதொலிப்பான்களிலே அது 230 வோல்ற்று. பிற்காலத்தவற்றிலே 580 வோல்ற்று. இவ்வாறு மின்னேற்றம் பெற்ற படலத்தின் இருபுறத்தும் உள்ள தட்டுகளுக்குச் சங்கீதத்தின் மின்னலை எதிரெதிராக ஊட்டப்படும். ஒரு தட்டு இழுக்கும்போது மற்றது தள்ளும். படலம் தன் பரப்பு முழுவதும் ஒரே தன்மையாய் அசையும். அதற்கு எடை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இன்மையால், வீணைத் தந்தியை மீட்டும் நகத்தின் ஓசை போன்ற நுண்ணிய ஒலிகளும் மழுங்காமல் எழும். இந்த இனத்தின் பெருமை அதுவே.

இத்தத்துவம் முதலிற் பெயர்பெற்றது ஒலிபெருக்கியிலேதான். இங்கிலாந்திலே பீற்றர் வோக்கர் என்பவர் ஆக்கிய குவாட் நிலைமின் ஒலிபெருக்கி 1957-இல் விற்பனைக்கு வந்தது. அதனை இயக்கியதும் கே.ரி. 66 என்னும் வால்வுகளைக் கொண்ட குவாட் 2 விரியலாக்கியே. அதே தத்துவத்தைக் காதளவுக்குச் சுருக்கி, எஸ்.ஆர். 1 என்ற பெயருடன் 1960-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது ஸ்டாக்ஸ் கம்பனி. அக்கம்பனி தன் படைப்பைக் காதொலிப்பான் என்று சொல்வதில்லை. ‘காது ஒலிபெருக்கி’ என்றே இன்றுவரை பெயரிட்டு வருகிறது. சற்று மிகையான பெயர்தான். ஆயினும் பிறப்பை நோக்கும்போது பொருத்தமற்றதென்று தள்ள முடியாது.

இனி, வால்வு இங்கு எவ்வாறு இடம்பெற்றது என்பதைப் பார்க்கலாம். படலத்தை அசைப்பதற்குத் தட்டுகளுக்கு ஊட்டவேண்டிய மின்னழுத்தம் மிகப் பெரிது. ஸ்டாக்ஸ் எஸ்.ஆர். 009 என்னும் காதொலிப்பான் 2011-இல் வெளிவந்தது. அதற்கு 100 வோல்ற்று ஊட்டினால் 101 தெசிபெல் அளவான ஒலி எழும். உச்ச நிலையிலே முந்நூறு, நானூறு வோல்ற்றுத் தேவைப்படலாம். சாதாரணக் காதொலிப்பானுக்கோ ஒன்றிரண்டு வோல்ற்றே தாராளம். ஆனால் மின்னோட்டத்தைப் பொறுத்தவரையில் நிலைமை தலைகீழானது. நிலைமின் காதொலிப்பான் மின்சார நோக்கிலே ஒரு சிறு கொள்ளளவி; அதற்கு மின்னோட்டம் மிகச் சிறிதே வேண்டும். பெரிய மின்னழுத்தம், சிறிய மின்னோட்டம்: வால்வின் இயல்பும் இதுவே.

வால்வினுள்ளே சூடேறிய கதோட்டிலிருந்து இலத்திரன்கள் வெளிப்பட்டு, நேர் மின்னழுத்தம் கொண்ட அனோட்டை நோக்கி வெற்றிடத்தினூடே பாய்கின்றன. 1906-இல் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் இவ்விரண்டுக்கும் இடையிலே ஒரு நெய்யரியைப் புகுத்தினார். நெய்யரியிலே சிறு மின்னழுத்த மாற்றம் நிகழ்ந்தாற் போதும். அனோட்டிலே பெரு மாற்றம் தோன்றும். அனோட்டு பல நூறு வோல்ற்றிலே வேலை செய்வது. ஒலிபெருக்கியை இயக்கும் வால்வுக் கருவிகளிலே அந்த உயர்ந்த அழுத்தத்தைத் தாழ்த்துவதற்கு இரும்பும் செம்பும் நிறைந்த பாரிய நிலைமாற்றி ஒன்று வெளியீட்டிலே வைக்கப்படும். வால்வுக் கருவியின் செலவிற் பெரும்பகுதியும், ஒலித் திரிபிற் கணிசமான பகுதியும் அந்த நிலைமாற்றியிலிருந்து வருவன. நிலைமின் காதொலிப்பானுக்கு அது வேண்டியதில்லை. அனோட்டிலே எழும் அழுத்தம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே தட்டுகளுக்கும் வேண்டியது. ஆகவே வால்வும் நிலைமின் படலமும் இடையிலே தரகர் இன்றிச் சந்திக்கின்றன. நானூறு வோல்ற்றைத் தாங்கவல்ல திரான்சிற்றர்கள் பிற்காலத்திலே தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியமையால், வால்வு ஒன்றுமே இல்லாத நல்ல கருவிகளும் வந்துவிட்டன என்பது உண்மையே. எனினும் வால்வு இங்கே வேடிக்கைப் பொருளன்று. இயல்பாகவே பொருந்திய உறுப்பு.

அப்படியாயின் எல்லா வால்வு விரியலாக்கிகளும் ஒன்றுபோல் இராவோ? இரா. வேறுபாட்டின் வேர், மின்னோட்டம் பற்றிய கணக்கிலே மறைந்திருக்கிறது. எஸ்.ஆர். 009-இன் கொள்ளளவம், வடத்தையும் சேர்த்து, 110 பிக்கோ பரட்டு. விநாடிக்கு 10,000 அதிர்வு கொண்ட உச்சத் தொனியிலே இது 1,45,000 ஓம் தடைக்குச் சமம். அத்தொனியிலே 300 வோல்ற்று ஊட்டவேண்டுமாயின் 2 மில்லி அம்பியருக்குச் சற்று மேல் வேண்டும். 20,000 அதிர்விலே அது இருமடங்காகும். 1,000 அதிர்விலோ பத்திலொரு பங்கே போதும். ஆகவே, தொனி உயர உயரக் காதொலிப்பான் பசி கூடிய விருந்தாளியாக மாறுகிறது.

இந்தப் பசியைத் தீர்ப்பதிலே வால்வுக்கு ஒரு குறை உண்டு. வால்வால் மின்னோட்டத்தை ஒரு திசையிலே மாத்திரமே இழுக்க முடியும். மற்றத் திசையிலே தட்டின் அழுத்தம் உயரவேண்டிய வேளையில், மேலுள்ள மின்வழங்கலிலிருந்து வேறொரு வழியாக மின்னோட்டம் வந்து நிரப்பவேண்டும். மிக எளிய வழி, அங்கே ஒரு தடையியை வைத்துவிடுவது. தடையியின் செயல், மேல்தொட்டியிலிருந்து குழாய் மூலம் கீழ்த்தொட்டியை நிரப்புவது போன்றது. கீழ்த்தொட்டியின் நீர்மட்டம் மேல்தொட்டியின் மட்டத்தை நெருங்க நெருங்க நீர் வரத்துக் குறைந்துகொண்டே போகும். அதிகம் வேண்டிய சமயத்திலே குறைவாகக் கிடைக்கும். அதுமட்டுமன்று. தடையியே ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. கணக்குக்காக ஒவ்வொரு புறத்திலும் 60,000 ஓம் தடையி ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். இரண்டு தட்டுகளுக்கும் இடையே 300 வோல்ற்று என்றால் ஒரு புறத்துக்கு 150; அப்பொழுது தடையி 2.5 மில்லி அம்பியரை எடுத்துக்கொள்கிறது. 1,000 அதிர்விலே காதொலிப்பான் எடுப்பது 0.2 மில்லி அம்பியரே. விருந்தாளிக்கு ஒரு கைப்பிடி, பரிமாறுகிறவனுக்கு ஒரு பானை என்ற நிலைமை இது.

இக்குறையை நீக்கும் வழி, தடையிக்குப் பதிலாக ‘மாறா மின்னோட்ட மூலம்’ எனப்படும் அமைப்பை வைப்பது. நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தாலும் ஒரே வேகத்தில் நீர் இறைக்கும் பம்பி போன்றது அது. அழுத்தம் உச்சத்தை நெருங்கும் வரையிலும் மின்னோட்டம் தளராது. வால்வின் உழைப்பு முழுவதும் காதொலிப்பானுக்கே சேரும். ஆனால் அதற்கு உயர் அழுத்தத்தைத் தாங்கும் திரான்சிற்றர்கள் வேண்டும், வெப்பத்தை வெளியேற்றப் பெரிய அலுமினியத் தகடுகள் வேண்டும், விலையும் ஏறும். வால்வு விரியலாக்கிகளை ஒப்பிடுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, “எந்த வால்வு?” என்பதன்று, “அந்த வால்வுக்கு மேலே இருப்பது என்ன?” என்பதே. விற்பனைப் பத்திரிகைகளிலே வால்வின் படம் பெரிதாக இருக்கும். இந்த விவரம் தேடினாலும் அகப்படாது.

இனிச் சில கருவிகளை எடுத்து நோக்கலாம். ஸ்டாக்ஸ் கம்பனியின் எஸ்.ஆர்.எம். 007 ரி வரிசையிலே 6 எப்.கியூ. 7 என்னும் சிறு வால்வுகள் நான்கு உள்ளன. 1950-களிலே தொலைக்காட்சிப் பெட்டிகளிற் பெருவாரியாகப் பயன்பட்ட வால்வு இது. கண்ணாடிக் குமிழ் ஒன்றினுள்ளே இரண்டு வால்வுகள் அடங்கியிருக்கும். ஒவ்வொன்றின் அனோட்டும் சுமார் 4 வாற்று வெப்பத்தையே தாங்கும். தடையிகளோடு சேர்ந்து, 340 வோல்ற்று வரை கொடுக்கவல்லது இக்கருவி. எளிமையான சுற்று, அடக்கமான பெட்டி, வால்வு பழுதுபட்டால் மாற்றுவதும் பெருஞ்செலவன்று. 2019-இல் வந்த எஸ்.ஆர்.எம். 700 ரி, இதே தத்துவத்தை 6 எஸ்.என். 7 என்னும் சற்றுப் பெரிய வால்வைக் கொண்டு நிறைவேற்றுகிறது. இவ்விரண்டும் உச்சத் தொனியிலே பேரோசை கேட்கும்போது முதலிலே தளர்பவை. அளவுக் கருவிகளிலே இதனைத் தெளிவாகக் காணலாம்.

ஸ்டாக்ஸ் கம்பனியே 1990-களில் இதற்கு மறுமொழி போன்ற ஒரு கருவியை ஆக்கியது. எஸ்.ஆர்.எம். ரி 2 என்பது அதன் பெயர். ஈ.எல். 34 என்னும் பெரு வால்வுகளை வெளியீட்டிலே கொண்டு, மின்வழங்கலுக்கு ஒரு பெட்டியும் விரியலாக்கிக்கு ஒரு பெட்டியுமாக அது வந்தது. சூடு மிகுந்தது, சிக்கலானது, மிகச் சிலவே செய்யப்பட்டன. ஈ.எல். 34, பிலிப்ஸ், முல்லாட் கம்பனிகளின் வழியாக 1949-இல் வெளிவந்த வால்வு. அதன் அனோட்டு 25 வாற்றுத் தாங்கும். 800 வோல்ற்று வரை அஞ்சாது. 6 எப்.கியூ. 7-ஐ இதன் அருகில் வைத்தால், யானைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி நிற்பது போலிருக்கும். கிற்றார் வாசிப்போரின் மார்ஷல் விரியலாக்கிகளிலே இந்த வால்வுக்கு ஓயாத தேவை இருப்பதால், சிலோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலே இன்றும் அது உற்பத்தியாகிறது. கிற்றார்க்காரரின் ஆரவாரம், நுண்ணிசை கேட்போரின் வால்வு விநியோகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பது சுவையான செய்தி.

அமெரிக்கரான கெவின் கில்மோர் வகுத்த ‘புளூ ஹவாய்’ என்னும் சுற்று, ஈ.எல். 34-ஐ மாறா மின்னோட்ட மூலத்தோடு இணைத்தது. தொழிலால் அவர் ஒலிக் கருவி வியாபாரியல்லர். சுற்று வரைபடத்தைப் பூட்டிவைக்காமல் ஆர்வலர் யாவரும் பார்த்துச் செய்யும்படி வெளியிட்டார். அதனையே ஹெட் அம்ப் என்னும் அமெரிக்க நிறுவனம் இரண்டு பெட்டிகளிலே நேர்த்தியாகச் செய்து விற்கிறது. முன்கட்டங்களிலே திரான்சிற்றர், இறுதிக் கட்டத்திலே நான்கு ஈ.எல். 34. நேர்ப்புறம் 400, எதிர்ப்புறம் 400 ஆக மொத்தம் 800 வோல்ற்று இதன் மின்வழங்கல். கணக்கின்படி நோக்கினால், வால்வைக் கொண்டு இந்த வேலையைச் செய்வதற்கு இதனிலும் நேரான வழி அரிது. நியூயோர்க்கிலுள்ள வூ ஓடியோ நிறுவனத்தின் டபிள்யூ.ஈ.எஸ். என்னும் கருவியும் ஈ.எல். 34-ஐயே இறுதிக் கட்டத்திற் கொண்டது. ஆனால் முன்கட்டத்திலும் வால்வையே அது வைத்திருக்கிறது. வால்வின் வழியே செல்லும் ஒலிக்குத் தனி மென்மை உண்டென நம்புவோர் இதனை நாடுவர்.

இவற்றுக்கு நேர்மாறான ஒழுங்கு ஸ்டாக்ஸ் எஸ்.ஆர்.எம். ரி 8000-இல் உண்டு. 2017-இல் வெளிவந்த இக்கருவியிலே முன்கட்டத்திலே 6922 என்னும் சிறு வால்வு, இறுதியிலே திரான்சிற்றர். புளூ ஹவாயிலே முன்னே திரான்சிற்றர், பின்னே வால்வு. இங்கே முன்னே வால்வு, பின்னே திரான்சிற்றர். இரண்டையும் ‘வால்வு விரியலாக்கி’ என்ற ஒரே பெயராற் சொல்வது வழக்கமாயினும், உயர் அழுத்தத்தை உண்டாக்கும் உழைப்பாளி இரண்டிலும் வேறு. ரி 8000-இலே வால்வு செய்வது சிறு அலைகளைக் கையாளும் மென்மையான வேலை. ஆகையால், ஒன்றைக் கேட்டு, “வால்வின் குரல் இதுதான்” என்று மற்றதற்குத் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

சீனாவின் ஹைபிமான் நிறுவனம் 2016-இல் அறிவித்த ஷங்ரிலா என்னும் தொகுதி, காதொலிப்பானும் விரியலாக்கியுமாக 50,000 அமெரிக்க டொலர் விலை சொல்லப்பட்டது. அதிலே 300 பி என்னும் வால்வுகள் நான்கு. 1938-இல் வெஸ்ரேண் இலெக்ற்றிக் கம்பனி ஆக்கிய இந்த வால்வு, அக்காலத்துச் சினிமா அரங்குகளிலும் தொலைபேசித் துறையிலும் தொண்டு புரிந்தது. நெய்யரி ஒன்றே உடைய எளிய வால்வு, திரிபு குறைந்தது, பார்வைக்கும் அழகியது. ஆனால் அதன் பெருக்குந் திறன் ஏறக்குறைய நான்கு மடங்கே. அனோட்டிலே 200 வோல்ற்று எழவேண்டுமாயின் நெய்யரியிலே ஐம்பதுக்கு மேல் ஊட்டவேண்டும். எனவே பொதுவாக இந்த வால்வைப் பயன்படுத்தும் சுற்றுகளிலே, அதற்கு முன்னுள்ள கட்டமே உண்மையான சுமையைத் தாங்குகிறது. புகழ் மட்டும் முன்னே ஒளிரும் பெருங் குமிழுக்குச் சேர்கிறது.

ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் இவ்விடயத்தை இருமுறை தொட்டது. 1991-இல் ஓர்பியஸ் எனப்படும் எச்.ஈ. 90 காதொலிப்பானையும் அதற்குரிய வால்வு விரியலாக்கியையும் 300 தொகுதிகள் என்ற வரையறையோடு வெளியிட்டது. பின்னர் 2015-இல் எச்.ஈ. 1 என்பதை அறிவித்தது. இத்தாலியின் கராரா சலவைக்கல்லாலான பீடத்திலிருந்து எட்டு வால்வுகள் மெல்ல மேலெழுந்து வரும். சுமார் 50,000 யூரோ விலை கூறப்பட்ட அந்தக் காட்சியைக் கண்டு நகைப்போரும் உண்டு. ஆயினும் சலவைக்கல்லுக்கு அப்பால், நுட்பமான கருத்து ஒன்று அதிலே பொதிந்துள்ளது. முன்னர்க் கூறிய கொள்ளளவத்திலே ஒரு பகுதி, விரியலாக்கியையும் காதொலிப்பானையும் இணைக்கும் வடத்துக்கு உரியது. வடத்தின் கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதால், ஒலியாக மாறாத மின்னோட்டம் அதிலே வீணாகிறது. ஸ்டாக்ஸ் தன் வடத்தை அகன்ற தட்டை நாடாவாகச் செய்வது இந்த நட்டத்தைக் குறைப்பதற்கே. எச்.ஈ. 1-ஐ ஆக்கியவர்களோ இறுதிக் கட்டத்தையே பீடத்திலிருந்து எடுத்து, திரான்சிற்றர் வடிவிலே காதுக் கிண்ணத்தினுள் அமைத்துவிட்டனர். உயர் அழுத்த அலை பிறக்கும் இடமும் அது வேலை செய்யும் இடமும் ஒன்றாகிவிட்டன. வடத்தின் பங்கு அற்றுப்போயிற்று. வால்வுகள் கண்ணுக்கு முன்னே ஒளிர, இறுதி உழைப்பைக் காதருகே கண்ணுக்குத் தெரியாத திரான்சிற்றர் செய்கிறது.

இவ்வளவும் அளவுக் கருவியின் சாட்சி. காதின் சாட்சி என்ன? ஓர் அமைதியான அறையிலே ஒருவர் சுகமாகக் கேட்கும் அளவு சராசரி 80 தெசிபெல் எனக் கொள்ளலாம். எஸ்.ஆர். 009-இலே அதற்கு வேண்டியது 9 வோல்ற்று. ஆம், ஒன்பதே வோல்ற்று! சங்கீதத்திலே திடீரென எழும் முழக்கம் சராசரியைவிட 20 தெசிபெல் உயர்ந்தாலும் 90 வோல்ற்றே போதும். 340 வோல்ற்றுக் கொடுக்கவல்ல எளிய கருவியிலும் ஏறத்தாழ முக்காற் பங்கு எஞ்சியிருக்கிறது. அன்றியும், பெரும்பாலான சங்கீதத்திலே உச்சத் தொனிகளின் வலிமை நடுத்தொனிகளைவிட மிகக் குறைவு. 10,000 அதிர்விலே 300 வோல்ற்று என்ற நிலைமை சோதனை மேசையிலே உண்டாக்கப்படுவது. பாட்டிலே வருவது அருமையிலும் அருமை. ஆகவே அளவோடு கேட்பவருக்கு, 6 எப்.கியூ. 7 வால்வுகள் நான்கும் ஈ.எல். 34 நான்கும் தம்முள்ளே காட்டும் வேறுபாடு, விலைச்சீட்டு காட்டும் வேறுபாட்டைவிட மிகச் சிறியது. பெரிய மேனாட்டு வாத்தியக் குழுவின் இசையை உரத்துக் கேட்பவருக்கே பெருவால்வின் மேலதிக வலிமை பயன் தரும்.

அவ்வாறு உரத்துக் கேட்பதற்கும் எல்லை உண்டு. 340 வோல்ற்றிலே எஸ்.ஆர். 009 ஏறத்தாழ 112 தெசிபெல்லை எழுப்பும். 80 தெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதே வளர்ந்தவருக்குத் தக்க வரம்பென உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஒவ்வொரு மூன்று தெசிபெல் உயர்வுக்கும் நேரம் பாதியாகக் குறையவேண்டும். திரிபு குறைந்த காதொலிப்பானிலே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. மலிவான கருவி உரத்துப் பாடும்போது கரகரத்துக் காதை எச்சரிக்கும். இதுவோ எவ்வளவு உரத்தாலும் இனிமையாகவே இருப்பதால், ஒலியைத் தணிக்கும் எண்ணமே கேட்பவருக்கு வராது.

ஆர்வலரிடையே பரவிய ஒரு கருத்தையும் இங்கே சோதிக்கலாம். 1998-இல் வந்த எஸ்.ஆர். 007 காதொலிப்பான் ‘இயக்குவதற்கு அரியது’ எனவும், பெருவால்வு இன்றி அது பேசாது எனவும் சொல்வர். கம்பனி தரும் எண்களோ 100 வோல்ற்றுக்கு 100 தெசிபெல், 94 பிக்கோ பரட்டு என்கின்றன. எஸ்.ஆர். 009-இலிருந்து அது ஒரு தெசிபெல்லே தாழ்ந்தது; கொள்ளளவத்திலோ அதனினும் இலகுவானது. ஒலியின் நிறத்திலே இரண்டும் வேறுபடலாம். அந்த நிறத்தை விரியலாக்கியின் பலவீனமாக எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் செலவிட்டவர் பலர்.

இரண்டு விரியலாக்கிகளைக் காதாலே ஒப்பிட முனைவோர், இரண்டின் ஒலியளவும் சரிசமனாக இருக்கின்றதா என்பதை முதலிலே பார்க்கவேண்டும். அரைத் தெசிபெல் கூடிய கருவி, ‘உரத்தது’ என்று தோன்றாது; ‘நல்லது’ என்றே தோன்றும். எந்தக் கருவி பாடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாதிருத்தலும் அவசியம். வால்வின் செவ்வொளி கண்ணிலே படும்போது காது நடுநிலை தவறுவது மனித இயல்பு.

ஒலியளவைச் சமப்படுத்தும் வேலையை அனுபவமுள்ள தொழில்வல்லுநரிடமே விடுதல் நன்று. காதொலிப்பானின் படலத்துக்குச் செல்லும் 580 வோல்ற்று, பல மெகா ஓம் தடையினூடாக வருவதால் அதன் மின்னோட்டம் மிக அற்பம். விரியலாக்கியின் உட்புறம் அத்தகையதன்று. அங்கேயுள்ள பல நூறு வோல்ற்று, ஆளைக் கொல்லும் வலுவுள்ளது. மின் இணைப்பைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளிலே அது தங்கியிருக்கும். ஸ்டாக்ஸ் வால்வுக் கருவிகளிலே வால்வை மாற்றிய பின், இருபுறத்து அழுத்தமும் சமனாகும்படி உள்ளேயுள்ள திருகிகளைச் சரிசெய்தல் வேண்டும். இதனைக் கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, மூடி திறந்த நிலையிற் செய்ய நேரும். புத்தகத்தைப் பார்த்து முதன்முறையாகப் பழகத்தக்க வேலை அன்று இது.

பழைய கருவிகளை வாங்குவோர் செருகியையும் கவனித்தல் நலம். 230 வோல்ற்றுக் காதொலிப்பானின் செருகிக்கு ஆறு ஊசிகள். 580 வோல்ற்றினதற்கு ஐந்து. ஆறு ஊசிச் செருகி ஐந்து துளைகள் உள்ள இடத்திலே நுழையாது. எனவே பழைய படலம் உயர் அழுத்தத்துக்கு ஆளாகாமற் காப்பாற்றப்படுகிறது. ஐந்து ஊசிச் செருகி ஆறு துளைகளிலே நுழையும். அப்போது ஒலி தணிந்து கேட்குமேயன்றிச் சேதம் இல்லை. இவ்வளவு முன்யோசனையோடு காதுப்புறத்தை அமைத்தவர்களும், சுவர்ப்புறத்து மின்சாரத்தை அவ்வாறு காக்க முடியவில்லை. யப்பானிலே வீடுகளுக்கு வரும் மின்சாரம் 100 வோல்ற்று. அந்நாட்டுச் சந்தைக்கெனச் செய்த கருவிகள் குறைந்த விலைக்குப் பிறநாடுகளிலும் கைமாறுகின்றன. 230 வோல்ற்று வழங்கும் நாட்டிலே அதனை நேரே சுவரிற் செருகினால், மின்வழங்கற் பகுதி சில கணங்களிலே கருகிவிடும். பின்புறத் தகட்டிலே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, 100 என்று இருந்தால், தக்க வாற்றுடைய படியிறக்கு நிலைமாற்றி ஒன்றையும் சேர்த்தே விலையைக் கணக்கிடவேண்டும்.